திருச்சிச் சுருட்டும் அந்தமான் கைதியும்

ஷெர்லாக் ஹோம்ஸ் வரும் முதல் இரண்டு நாவல்களிலுமே எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. திருச்சியில் பிறந்து, பிழைப்புக்காக போர்ட் பிளேரில் வந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு இதில் ஒரு கூடுதல் சந்தோஷம் உண்டு. இரண்டாவது நாவலில் திருச்சியும் வருகிறது, அந்தமானும் வருகிறது. (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கடிதத்தில் எழுதப் பழகிவிட்டது, நாக்குக்கு இன்னும் பழகவில்லை. பொறுத்துக்கொள்ளவும்.)

முதல் நாவல் 1887ல் வந்தது. லண்டனில் பிரிக்ஸ்டன் சாலையில் ஒரு பாழடைந்த வீடு, தரையில் ஒரு பிணம். ஸ்காட்லாந்து யார்டின் இரண்டு துப்பறிவாளர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, ஹோம்ஸ் மட்டும் தரையில் மண்டியிட்டுக் கொஞ்சம் சாம்பலைப் பொறுக்கி உறைக்குள் போட்டுக்கொள்கிறார். கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அறிவிக்கிறார். சாம்பல் கறுப்பாக, செதில் செதிலாக இருக்கிறதாம். அப்படிச் சாம்பல் விடுவது திருச்சிச் சுருட்டு ஒன்றுதானாம்.

கடைசியில் பிடிபடுகிறவன் லண்டனில் குதிரைவண்டி ஓட்டும் ஒரு அமெரிக்கன். அவன் வாய்க்குள் உறையூர்ச் சுருட்டு எப்படிப் போனது என்று கானன் டாயில் ஒரு வரி கூட விளக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய தகவலாகப் படுகிறது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு, ஒரு வண்டிக்காரனின் சட்டைப்பையில் இருந்தால் யாரும் புருவம் உயர்த்தாத அளவுக்கு, அது அங்கே சாதாரணமாகக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது நாவலின் பிறப்பே சுவாரசியமான கதை. 1889 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் லாங்ஹாம் ஓட்டலில், லிப்பின்காட் பத்திரிகையின் ஆசிரியர் ஸ்டோடார்ட் இரண்டு எழுத்தாளர்களுக்கு விருந்து வைத்தார். ஒருவர் கானன் டாயில், இன்னொருவர் ஆஸ்கர் வைல்டு. அந்தச் சாப்பாட்டின் பலனாக வைல்டு டோரியன் கிரேயின் கதையை எழுதினார். டாயில் எழுதிய ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ 1890 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் ஆரம்பப் பக்கங்களிலேயே ஹோம்ஸ், தான் புகையிலைச் சாம்பல்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நூல் எழுதியிருப்பதாகப் பெருமையடித்துக்கொள்கிறார். 140 வகைச் சாம்பல், வண்ணப் படங்களோடு! அதிலும் திருச்சிக்குத் தனி மரியாதை. பிறகு கதை அப்படியே நகர்ந்து, மதராஸ் வழியாக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட ஜொனாதன் ஸ்மால் என்ற ஒற்றைக்கால் கைதியிடமும், அவனோடு தப்பிப்போன டோங்கா என்ற அந்தமான் பழங்குடி ஆளிடமும் போய் முடிகிறது.

ஆக, சாம்பலை வைத்து ஊரைச் சொல்லும் சாமர்த்தியமும் அந்தமானும் ஒரே அட்டைக்குள். ஒன்றில் டாயில் எவ்வளவு சரி, இன்னொன்றில் எவ்வளவு தப்பு என்பதைப் பார்ப்போம். அதற்கு முன்னால் சுருட்டு.

புகையிலை நம் நாட்டுச் செடி கிடையாது. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் மூலமாக வந்தது. மிளகாய், முந்திரி, கொய்யா மாதிரிதான். செடி அவர்கள் கொடுத்தது, பெயர் நாம் கொடுத்தது. இலையைச் சுருட்டினால் சுருட்டு. இந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் இதை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். (காசைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதற்கும் அதே வினைச்சொல்தான் என்பதைக் கம்பெனிக்காரர்கள் கவனித்தார்களா தெரியாது. வேலையை நன்றாகவே செய்தார்கள்.)

யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ‘ட்ரிச்சீஸ்’ என்று ஒரு பதிவே இருக்கிறது. திருச்சிச் சுருட்டின் செல்லப் பெயர். தெலுங்கு அகராதி புகழ் சி.பி. பிரவுன், செரூட் என்ற சொல்லே திருச்சினாப்பள்ளி என்ற ஊர்ப் பெயரிலிருந்துதான் வந்தது என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். அதை அந்த அகராதிக்காரர்கள் இரக்கமில்லாமல் தள்ளிவிட்டார்கள். ஒரு திருச்சிக்காரனாக எனக்கு இதில் வருத்தம்தான், ஆனாலும் நியாயம் அவர்கள் பக்கம்.

இன்றைக்கு சுருட்டு விமர்சனம் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. இழுப்பு எப்படி, எரிப்பு எப்படி, முதல் மூன்றிலொரு பங்கில் என்ன ருசி, கடைசியில் என்ன ருசி, நூற்றுக்கு எத்தனை மார்க் என்று ஒயின் ரசிகர்களைப் போல எழுதுகிறார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஹாப்சன்-ஜாப்சனின் பதிவுதான் திருச்சிச் சுருட்டுக்கு அச்சில் கிடைத்த பழைய விமர்சனங்களில் ஒன்று. சாரம் இது: நீளமானது, முரட்டுத்தனமாகச் செய்யப்பட்டது, வாயில் வைக்கும் பக்கம் ஒரு வைக்கோல் துண்டு செருகியிருக்கும், மலிவு, ஆனால் பழகியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நூற்றுக்கு எவ்வளவு என்று போடவில்லை. நாற்பது போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன், கூடவே ‘ஆனாலும் எனக்கு ஒரு பெட்டி’ என்று பின்குறிப்போடு.

இந்தச் சுருட்டு திருச்சியில் பிறந்தாலும் அதன் உடம்பு திருச்சியுடையது கிடையாது. இலை பெரும்பாலும் திண்டுக்கல் சீமையிலிருந்து வந்தது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று இரண்டு நாட்டு ரகங்கள் பேர் வாங்கியவை. 1947ல் ராஜமுந்திரியில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பிறகு, சுருட்டுப் புகையிலைக்கென்றே வேடசந்தூரில் ஒரு கிளை வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. மவுண்ட் ரோடு ஸ்பென்சரில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்தவை எல்லாம் கொடைக்கானல் மலையடிவாரத்துச் சங்கதிகள்.

திருச்சியின் பங்கு கைவேலை. உறையூர். சோழன் தலைநகராக இருந்த ஊர், மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்போன ஊர். தறியில் உட்கார்ந்து பழகிய ஊருக்கு, நாள் பூரா ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே அளவில் ஒரே வேலையைச் செய்வது புதிதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். வேலை பார்க்க எளிதாகத் தெரியும். பதப்படுத்திய இலையின் நடுநரம்பைக் கிழித்து எடுப்பார்கள். துண்டு இலைகளை உள்ளே வைத்து, ஒரு இலையால் கட்டி, மேலே கிழிசல் இல்லாத நல்ல இலையைச் சாய்வாகச் சுற்றி, பசை தொட்டு ஒட்டி, இரண்டு முனையையும் வெட்டிவிடுவார்கள். ஒரு பலகை, ஒரு கத்தி, கொஞ்சம் பசை. அவ்வளவுதான் கருவி. ஹவானாச் சுருட்டுக்கும் அடிப்படை இதுதான். அங்கே ஒரு முனையைத் தொப்பி போட்டு மூடிவிடுவார்கள், பிடிப்பவர் வெட்டிக்கொள்ள வேண்டும். நம்முடையது இரண்டு பக்கமும் திறந்தது. எந்தப் பக்கத்தையும் கொளுத்தலாம், எந்தப் பக்கத்தையும் கடிக்கலாம். ஜனநாயகம்.

எளிதாகத் தெரிவதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளிலையை இறுக்கி அடைத்தால் புகை வராது. தளர்த்தி வைத்தால் பீடி மாதிரி சரசரவென்று எரிந்து போகும். தராசு கிடையாது, விரல்தான் அளவு. ஹவானாவில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ‘டோர்சிதோர்’ என்று மரியாதையான பெயர். அவர்கள் வேலை செய்யும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் வாசிப்பார், 1860களிலிருந்து இருக்கும் வழக்கம். ரோமியோ ஜூலியட், மாண்டி கிறிஸ்டோ என்று சுருட்டுக்குப் பெயர் வந்தது இப்படிக் கேட்ட கதைகளால்தான் என்பார்கள். உறையூரில் சுருட்டியவரின் தொழிலுக்கு ஊர் அறிந்த பட்டம் ஒன்றும் இல்லை. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு கூலி, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தை விட்டுவிட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே சுருட்டு ஒரு காலத்தில் பெரிய தொழில். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைகள் கொழும்பு, காலி என்று சிங்கள ஊர்களிலெல்லாம் பரவியிருந்தன. வடக்கிலிருந்து கிளம்பிய பல குடும்பங்களுக்கு வெளியூர் வாழ்க்கையின் முதல் படி சுருட்டுக்கடைப் படிதான். இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, ருசி பார்த்த கதை. எங்கள் வீட்டில் பெரியப்பா ஒருவர்தான் சுருட்டுக்காரர். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்தால், வாசனை வைத்தே மணி சொல்லலாம். அதற்கப்புறம் எனக்குச் சுருட்டு என்றால் கருப்பசாமி கோயில் படையல்தான். சாமி பிடிக்கும், நாம் பிடிக்கக் கூடாது. ஆராய்ச்சி என்ற பேரில் போன முறை ஊரிலிருந்து கிளம்பும்போது உறையூரில் ஒரு கட்டு வாங்கி வந்தேன். இன்றைக்கு அங்கே மிச்சமிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகள். ஃபென் தாம்ப்சன் என்று வெள்ளைக்காரப் பெயர் வைத்திருக்கும் கம்பெனிதான் அதில் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தது.

முதல் எதிரி இந்த ஊர் ஈரம். சுருட்டை 65லிருந்து 70 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வேண்டும் என்பார்கள். மழைக்காலத்தில் போர்ட் பிளேர் காற்றில் 80க்குக் குறைந்து ஈரம் பார்ப்பது அபூர்வம். செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும் ஊர். ஐரோப்பாவில் ஈரம் ஏற்றப் பெட்டி வாங்குகிறார்கள், நான் ஈரம் இறக்க பிஸ்கட் டப்பாவில் அரிசியைப் போட்டு அதற்குள் வைத்தேன். நாலு நாளில் வழிக்கு வந்தது.

கார்பின்ஸ் கோவ் பக்கம் நண்பர் வீட்டு மொட்டை மாடியில், கடலைப் பார்த்து உட்கார்ந்து ஒன்றைக் கொளுத்தினேன். மேலிலை கரும்பழுப்பு, நரம்பு எழும்பி முரடாக இருக்கிறது. கொளுத்தும் முன் முகர்ந்தால் வெல்லமும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி வாசனை. முதல் இழுப்பில் தொண்டையில் ஒரு குத்து. மிளகு ரசத்தில் மிளகு கொஞ்சம் கூடிப்போனால் வருமே, அந்தக் குத்து. பாதி தூரம் போனபிறகு அது அடங்கி, வறுத்த கொத்தமல்லி மாதிரி ஒரு மணம், நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு. எரிப்பு ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் முந்திக்கொண்டு போகிறது, இரண்டு முறை மறுபடி கொளுத்தினேன். இழுப்பு மட்டும் அருமை, உருட்டியவர் கை சுத்தம். நண்பருக்குத் தலை சுற்றி எழுந்து போய்விட்டார். உடம்புக்கு நல்லதா என்று கேட்காதீர்கள், நல்லதில்லை. வாய்ப் புற்றுநோய்க்கு சுருட்டு, பீடி, சிகரெட் என்ற பேதம் கிடையாது. அந்தக் கட்டில் மீதியை அப்படியே வைத்திருக்கிறேன்.

நான் காத்திருந்தது சாம்பலுக்காக. ஹோம்ஸ் சொன்னது சரி! நல்ல ஹவானாச் சாம்பல் வெளிர்சாம்பல் நிறத்தில், ஒரு அங்குலம் கெட்டியாக நிற்கும் என்பார்கள். இது கரும் சாம்பல், கால் அங்குலம் சேர்ந்ததும் செதிலாக உதிர்கிறது. வெள்ளைச் சட்டையில் விழுந்தது, துடைத்தால் கரிக்கோடு.

ஏன் கறுப்பு? இங்கேதான் எனக்குச் சுவாரசியம் கூடியது. புகையிலை இலை நன்றாக எரிய பொட்டாசியம் உதவும். குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் சமாச்சாரம், இலையில் அதிகமாகிவிட்டால் சரியாக எரியாது, அணைந்து அணைந்து போகும். முழுசாக எரியாத இலையில் கரி தங்கிவிடும், சாம்பல் கறுக்கும். இப்போது நம் ஊர் விவசாயத்துக்கு வாருங்கள். கொஞ்சம் உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால்தான் புகையிலைக்குக் காரம் ஏறும் என்பது தமிழ்நாட்டுப் புகையிலை விவசாயிகளிடம் பரம்பரையாக இருக்கும் பேச்சு. குடிக்க ஆகாத தண்ணீர் கிடைக்கும் நிலத்தில் போடும் பயிர் அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் ஊகம் இதுதான்: திண்டுக்கல் சீமையில் யாரோ ஒரு விவசாயியின் உவர்க் கிணறுதான் லண்டன் பிரிக்ஸ்டன் சாலையில் கறுப்புச் சாம்பலாக விழுந்து கிடந்தது. ஹோம்ஸ் திருச்சி என்று சொன்னார். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் கவலை ஏற்றம் இறைத்தவரைக் கூடச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது நாவலில் இன்னொரு இந்தியச் சுருட்டும் வருகிறது, ‘லங்கா’. இலங்கை என்று நினைத்துவிடாதீர்கள், நானும் தமிழ் வாசகர்கள் பலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோதாவரி கழிமுகத்தில் ஆற்று நடுவே இருக்கும் தீவுத் திட்டுகளுக்குத் தெலுங்கில் லங்கா என்று பெயர். அந்த வண்டலில் விளைந்த இலை. திருச்சிச் சுருட்டின் மேலே சுற்றவும் இந்த இலை வந்ததுண்டு. இங்கே போர்ட் பிளேர் மீனவர் குடியிருப்புகளில் ஸ்ரீகாகுளம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் நிறைய. அவர்கள் ஊரில் வயதான பெண்கள் சுட்டாவை நெருப்பு முனை வாய்க்குள் இருக்கும்படி வைத்துப் புகைப்பார்கள். அலைச்சாரலிலும் காற்றிலும் அணையாமல் இருக்க வந்த வழக்கம் என்பார்கள். மேலண்ணத்தில் புற்று வருவதற்கும் அதுதான் காரணம் என்று மருத்துவர்கள் அந்தக் கடற்கரையில் பல வருடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

திருச்சிச் சுருட்டு என்றால் எல்லோரும் உடனே சொல்வது சர்ச்சில். இரண்டாம் உலகப் போரில் ஹவானாச் சுருட்டு வரத்து நின்றுபோய், சர்ச்சிலுக்குத் திருச்சியிலிருந்து சுருட்டு அனுப்பினார்கள், அதற்கென்றே மதராஸ் அரசாங்கத்தில் ஒரு குமாஸ்தாப் பதவி இருந்தது என்று ஒரு கதை. ஊர்ப் பெருமைக்கு நல்ல கதை, நானும் ஹாஸ்டலில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் மனுஷன் உயிர் ஹவானாவில்தான். 1895ல் கியூபாவுக்கே போய் வந்தவர். போர் நடக்கும்போதும் அங்கிருந்து அவருக்குப் பெட்டி பெட்டியாகப் பரிசு வந்துகொண்டிருந்தது. 1896லிருந்து பெங்களூரில் குதிரைப்படையில் இருந்த காலத்தில் நம் சுருட்டைப் பிடித்துப் பார்த்திருப்பார் என்பதை மட்டும் தாராளமாக நம்பலாம். பெங்களூர் கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி இன்னும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் சுருட்டுக் கணக்கும் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் ஆட்கள் கோட்டைவிட்ட இடம் என்று நான் நினைப்பது 1962. அந்த வருடம் பிப்ரவரியில் கென்னடி கியூபாவின் மேல் முழு வணிகத் தடை போட்டார். (கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை விட்டு ஆயிரத்துக்கு மேல் கியூபச் சுருட்டு வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார். சாலிஞ்சரே பிற்பாடு எழுதியது இது.) உலகத்திலேயே பெரிய சுருட்டுச் சந்தை திடீரென்று கியூபா அல்லாத சுருட்டைத் தேட ஆரம்பித்தது. கியூபாவை விட்டு ஓடியவர்கள் விதையையும் கைப்பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா என்று போய் நட்டார்கள். இன்று நிகராகுவாவின் எஸ்தெலியில் சின்னச் சின்னப் பட்டறைகள் செய்யும் சுருட்டுகளுக்கு ரசிகர்கள் க்யூவில் நிற்கிறார்கள்.

உறையூரும் ஒரு சின்னப் பட்டறைதான். முந்நூறு வருடச் சொல், நூறு வருடப் பெயர், ஷெர்லாக் ஹோம்ஸின் சான்றிதழ். ஆனால் அதற்குள் இங்கே காற்று மாறியிருந்தது. 1910ல் இம்பீரியல் டொபாக்கோ வந்தபிறகு சிகரெட் படிப்படியாகக் கனவான் பழக்கமாயிற்று. குண்டூர் பக்கம் நிலமெல்லாம் வர்ஜீனியா இலைக்கு மாறியது. ஏழைக்கு பீடி வந்தது. நடுவில் சுருட்டு கிழவர்களுக்கும் கருப்பசாமிக்கும் என்று ஒதுங்கிவிட்டது. தன் ஊர்க்காரனே கூச்சப்படும் பொருளை வெளியூர்க்காரனிடம் யார் போய் விற்பது?

இனி நாவலின் அந்தமான் பக்கம்.

டோங்காவைப் பற்றி ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புவியியல் அகராதியை எடுத்து வாட்சனுக்கு வாசித்துக் காட்டுகிறார். அந்தமான் ஆட்கள் நரமாமிசம் தின்பவர்கள், அவலட்சணமானவர்கள், யாராலும் பழக்கப்படுத்த முடியாதவர்கள், இப்படிப் போகிறது. கதையில் டோங்கா ஊதுகுழலில் விஷமுள் வைத்து ஆளைக் கொல்கிறான். இதில் ஒன்று கூட நிஜமில்லை. அந்தமான் பழங்குடிகளிடம் ஊதுகுழல் கிடையாது, வில்லும் அம்பும்தான். அம்பில் விஷம் தடவும் வழக்கமும் இல்லை. நரமாமிசக் கதை மார்க்கோ போலோ காலத்திலிருந்து மாலுமிகள் சொல்லிச் சொல்லி வளர்த்தது. நாவல் வந்தபோது ஈ.எச். மேன், இங்கேயே பல வருடம் இருந்து அவர்களின் மொழி பேசிப் பழகி எழுதிய விரிவான கட்டுரைகள் லண்டனில் அச்சாகிச் சில வருடம் ஆகியிருந்தது. 140 சாம்பலைப் பிரித்துச் சொல்லும் மேதைக்கு அது கண்ணில் படவில்லை.

உண்மையில் அந்தமானுக்கும் புகையிலைக்கும் உள்ள சம்பந்தம் நாவலில் வருவதைவிட விசித்திரமானது. நிக்கோபாருக்குப் புகையிலை முன்பே தெரியும். கப்பல்காரர்கள் துணி, இரும்பு, புகையிலை கொடுத்துத் தேங்காய் ஏற்றிப் போவது அங்கே பழைய பண்டமாற்று. 1756ல் டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியிலிருந்துதான் நிக்கோபாரில் போய்க் கொடி நட்டார்கள். காய்ச்சலில் செத்துச் செத்து, கடைசியில் 1868ல் பிரிட்டிஷாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் வடக்கே, அந்தமான் பெருந்தீவு மக்களுக்கு 1858ல் கைதிக் குடியிருப்பு வரும்வரை புகை பிடிக்கவே தெரியாது. நெருப்பை அணையாமல் காப்பாற்றி வைத்திருந்த மக்கள். அதில் ஒரு இலையைப் பற்றவைத்து வாயில் வைக்கலாம் என்பதைச் சொல்லிக்கொடுத்தது சர்க்கார்.

1863ல் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ என்று ஒன்றைப் பாதிரியார் கோர்பின் பொறுப்பில் ஆரம்பித்தார்கள். காட்டிலிருந்து ஆட்களை வரவழைத்து, தங்கவைத்து, ‘நாகரிகம்’ கற்பிக்கும் இடம். வரவழைக்கப் பயன்பட்ட பொருள்களில் சோறும் சர்க்கரையும் புகையிலையும் முக்கியம். பிறகு தப்பி ஓடும் கைதிகளைக் காட்டில் தேடிப் பிடித்துக் கொடுக்கும் வேலைக்கும் அவர்களையே பயன்படுத்தினார்கள். ஜொனாதன் ஸ்மாலைத் தப்பவைத்த நண்பன் என்று டாயில் எழுதிய டோங்காவின் ஜனங்கள், நிஜத்தில் ஜொனாதன் ஸ்மால்களைப் பிடித்துக் கொடுத்தவர்கள்.

புகையிலை பெரியவர் சின்னவர் வித்தியாசம் இல்லாமல் பரவியது. பழங்குடிகளின் பொறுப்பதிகாரியாக இருந்த போர்ட்மன் 1899ல் எழுதிய வரலாற்றில், அளவுக்கு மீறிப் புகைக்க விட்டதும் அந்த மக்கள் நலிந்ததற்கு ஒரு காரணம் என்கிறார். பெரிய காரணங்கள் வேறு. மேகநோய், 1877ல் பரவிய தட்டம்மை. 1901 கணக்கெடுப்பில் பெருந்தீவு மக்கள் 625 பேர். 1931ல் 90. 1961ல் 19. அப்புறம் கொஞ்சம் ஏறி 2011ல் 44. ஸ்ட்ரெய்ட் தீவில் அவர்களுக்கென்று குடியிருப்பு இருக்கிறது. இங்கே ஜெட்டியில் எப்போதாவது பார்ப்பதுண்டு.

ஜாரவா காட்டை ஒட்டிப் போகும் டிரங்க் ரோட்டில் இதே கதை மறுபடி நடந்தது. 1990களின் கடைசியில் அவர்கள் வெளியே வரத் தொடங்கியதும், லாரிக்காரரும் கள்ள வேட்டைக்காரரும் கொடுத்துப் பழக்கியவற்றில் பான், குட்கா, புகையிலை எல்லாம் உண்டு. 2002ல் உச்ச நீதிமன்றம் அந்த ரோட்டை மூடச் சொன்னது. ரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, போலீஸ் வண்டி முன்னால் போக, வாகனங்கள் வரிசையாகப் பின்னால் போகும்.

புகையிலை கொடுத்தவர்கள் அதைப் பிடிக்க ஒரு சாதனமும் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். அவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். பெரிய நண்டின் கொடுக்கை எடுத்து, அகன்ற பக்கத்தில் புகையிலையை அடைத்து, நுனியில் ஓட்டை போட்டு உறிஞ்சுவது. தெற்கே லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களிடமும் இந்தக் குழாய் இருந்தது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு இப்படிச் சில நண்டுக் கொடுக்குகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. படத்தில் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, வாய்ப்பக்கம் கரி படிந்திருக்கிறது. யார் பிடித்தது என்று அட்டையில் பெயர் இல்லை, சேகரித்துக் கொடுத்த துரையின் பெயர் இருக்கிறது.